சேலம் அடுக்குமாடிகளுக்கு நிலநடுக்க சைரன்: 30 நொடி கிடைக்குமா?

#1 ஐந்துரோடு

சேலத்தில் அடுக்குமாடிச் சங்கங்களிடம் நிலநடுக்க முன்னெச்சரிக்கைப் பெட்டி என்று ஒன்றை விலை பேசி வருகிறார்கள். பார்க்கிங் சுவரில் மாட்டும் பெட்டி ஒன்று, மாடிக்கு ஒரு சைரன். "30 நொடி முன்னாடியே அடிச்சிரும், ஜப்பான்ல இதான்" என்பது விற்பனைப் பேச்சு.

கட்டடம்: கீழே முழுக்க பார்க்கிங், மேலே 4 மாடி, 16 வீடு, 2006 வாக்கில் கட்டியது. கேள்வி மூணு. அந்த 30 நொடி உண்மையா? போனில் சும்மா வரும் எச்சரிக்கை போதாதா? இந்தக் காசை வேறு எதில் போட்டால் பிரயோசனம்? கணக்கோடு சொல்லுங்க. "சேலத்துல எல்லாம் வராதுங்க" என்கிற பதில் மட்டும் வேண்டாம்.

#2 அலைக்கணக்கு

கடைசி வரியிலிருந்தே வருகிறேன். இந்தியக் கட்டடங்களுக்கான நிலநடுக்க விதி ஐஎஸ் 1893. அதன் 2016 பதிப்பில் மண்டலங்கள் இரண்டு முதல் ஐந்து வரை, எண் ஏற ஏற ஆபத்து கூடும். சேலம் மூன்றாம் மண்டலம். சென்னையும் கோவையும் அதே. மதுரை, திருச்சி இரண்டாம் மண்டலம். 1900 பிப்ரவரி 8 அன்று கோவைப் பக்கம் நடந்தது சுமார் 6 அளவு; தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் ஆட்டம் தெரிந்தது. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் ஒன்று, 5.5 வாக்கில். நம்ம பக்கத்திலேயே 2018 ஜூலையில் லேசாக ஆடியது. நம்ம பாறை பழசு, அதனால் வராது என்பார்கள். பழசு என்பது சரி. பழைய பாறையில் பழைய பிளவுகளும் இருக்கும். மோயாறு, பவானி, ஆத்தூர் என்று போகும் பழைய நிலப்பிளவுப் பட்டை நம்ம மாவட்டத்தைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது.

இப்போ 30 நொடி. நிலநடுக்கத்தை யாரும் முன்கூட்டிக் கணிப்பதில்லை. எங்கோ உடைந்த பிறகு, அந்த ஆட்டம் நம்ம ஊருக்கு வந்து சேருவதற்குள் செய்தி முந்திக்கொள்வதுதான் முன்னெச்சரிக்கை. முதலில் வந்து சேரும் லேசான பி அலை பாறையில் நொடிக்கு சுமார் 6 கி.மீ. போகும். கட்டடத்தை அசைக்கும் எஸ் அலை சுமார் 3.5 கி.மீ. ஒவ்வொரு 8 கி.மீ. தொலைவுக்கும் இரண்டுக்கும் நடுவே ஒரு நொடி இடைவெளி விழும் என்று மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

பார்க்கிங்கில் மாட்டும் ஒற்றைப் பெட்டிக்கு அந்த இடைவெளி மட்டும்தான் மூலதனம். உடைந்த இடம் 150 கி.மீ. தள்ளி, அதாவது கோவைப் பக்கம் என்றால் 18 நொடி. 30 கி.மீ. என்றால் நாலு நொடிக்கும் குறைவு. நேர் கீழே 10 கி.மீ. ஆழம் என்றால் ஒரு நொடி. இதிலிருந்து, வந்தது பி அலையா பக்கத்துத் தெரு லாரியா என்று பெட்டி முடிவுசெய்ய எடுக்கும் 1 முதல் 3 நொடியைக் கழியுங்கள்.

ஆக 30 நொடி சுத்தப் பொய் கிடையாது. அது எவ்வளவு தூரத்து நடுக்கத்துக்கு என்று சொல்லாமல் விடுகிறார்களே, அங்கேதான் ஏமாற்று.

#3 சிக்னல்கோபுரம்

ஒற்றைப் பெட்டியை விடுங்க, ஊரைச் சுத்தி கருவி வலை போட்டா? 15 கி.மீ.க்கு ஒண்ணுன்னு வெச்சு 4ஜி-ல இணைச்சா நேரம் கூடுமே?

#4 அலைக்கணக்கு

கூடும். ஆனா எங்கே கூடும் என்று பாருங்க. 10 கி.மீ. ஆழத்தில் உடைகிறது என்று வைப்போம். முதல் கருவிக்கு பி அலை வந்து சேர 2.5 நொடி. ஒரே கருவியை நம்பி சைரன் அடித்தால் குவாரி வெடிக்கெல்லாம் ஊர் எழுந்து ஓடும். அதனால் மூணு, நாலு கருவி ஒத்துச் சொல்ல வேண்டும். அதற்கு நாலாவது நொடி ஆகிவிடும். அளவைக் கணிக்க இரண்டு மூணு நொடி அலைப்பதிவு வேண்டும். செய்தி போய்ச் சேர ஒன்றிரண்டு நொடி. எல்லாம் நன்றாக நடந்தாலும் எட்டாவது நொடியில்தான் கையில் எச்சரிக்கை.

30 கி.மீ. தள்ளி இருப்பவருக்கு எஸ் அலை ஒன்பதாவது நொடியில் வந்துவிடும். அவருக்கு மிச்சம் ஒரு நொடி. 50 கி.மீ.யில் இருப்பவருக்கு ஆறேழு நொடி. 150 கி.மீ.யில் 35 நொடி. எட்டு நொடிக்குள் எஸ் அலை ஓடும் தூரம் முழுக்க, ஏறக்குறைய 25 கி.மீ. வட்டம், குருட்டு வட்டம். அங்கே ஆட்டம் முந்தும், சைரன் பிந்தும்.

நம்ம ஊர்ச் சிக்கல் இங்கேதான். தீபகற்பத்தில் நியாயமாக எதிர்பார்க்கக்கூடியது 5.5, 6 அளவு நடுக்கம். அது வீட்டை இடிக்கும் தூரமே 20, 30 கி.மீ.தான். அதாவது சேதவட்டமும் குருட்டு வட்டமும் கிட்டத்தட்ட ஒன்றின்மேல் ஒன்று உட்காருகின்றன. யாருக்கு எச்சரிக்கை தேவையோ அவருக்குக் கிடைக்காது. கிடைப்பவருக்கு பாத்திரம் கிலுகிலுக்கும், அவ்வளவுதான்.

மெக்சிகோ நகரத்துக்கு ஏன் பலிக்கிறது? பெரிய நடுக்கங்கள் உடைவது பசிபிக் கரையில், 300 கி.மீ. தள்ளி. நகரம் உட்கார்ந்திருப்பது பழைய ஏரிச் சேற்றில், தூரத்து அலையைக்கூட அது பெருக்கிவிடும். தூரமும் உண்டு, சேதமும் உண்டு. அதனால் ஒரு நிமிஷம் கிடைக்கிறது. அதே நகரத்துக்கு 2017 செப்டம்பர் 19 அன்று 7.1 அளவு நடுக்கம் சுமார் 120 கி.மீ. பக்கத்திலேயே உடைந்தது. சைரனும் ஆட்டமும் கிட்டத்தட்ட சேர்ந்தே வந்தன. அன்று காலையில்தான் ஒத்திகை நடத்தி முடித்திருந்தார்கள்.

#5 காவிரிக்கரை

ஜப்பானில் 2011-ல் ரயிலெல்லாம் நின்றதே. அது வெற்றிதானே?

#6 அலைக்கணக்கு

வெற்றிதான். 2011 மார்ச் 11, 9.0 அளவு. முதல் கருவி பி அலையைப் பிடித்த 8.6 நொடியில் பொது எச்சரிக்கை போனது. உடைப்பு கடலுக்குள்ளே இருந்ததால் செண்டாய்க்கு 15 நொடி போலக் கிடைத்தது. ஓடிக்கொண்டிருந்த புல்லட் ரயில்களில் பயணி ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அன்றே இன்னொரு பாடமும் வந்தது: கணினி அளவைக் குறைத்துப் போட்டுவிட்டது. உடைப்பு நூற்றுக்கணக்கான கி.மீ. நீளத்துக்குக் கிழிந்துகொண்டே போக, மென்பொருள் அதை ஒரு புள்ளி என்று எடுத்துக்கொண்டதால் டோக்கியோ பக்கத்துக்குச் சரியான எச்சரிக்கை போகவில்லை.

அதே ஜப்பானில் 1995 ஜனவரி 17, கோபே. ஊருக்கு அடியிலேயே உடைந்தது. இறந்தவர்கள் 6,434 பேர், பெரும்பாலோர் வீடு விழுந்து நசுங்கியவர்கள். 2024 ஜனவரி 1, நோட்டோ. உலகத்திலேயே நல்ல எச்சரிக்கை வலை அங்கே இருந்தது. பழைய மரவீடுகள் விழத்தான் செய்தன.

#7 சிக்னல்கோபுரம்

இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன், போன் எச்சரிக்கை. இதில் மூணு சமாச்சாரத்தைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒன்று, தேசிய நிலநடுக்கவியல் மையத்தின் பூகம்ப் செயலி. அது நடந்து முடிந்ததைச் சொல்வது: எங்கே, எத்தனை அளவு, எத்தனை ஆழம். நல்ல செயலி, ஆனால் முன்னெச்சரிக்கை கிடையாது.

இரண்டு, செல் பிராட்காஸ்ட். 2023-ல் எல்லார் போனிலும் ஒரே நேரத்தில் அலறியதே, அந்தச் சோதனைச் செய்தி. எஸ்எம்எஸ் ஆளாளுக்குத் தனித்தனியாகப் போகும், நெரிசலில் மாட்டும். இது கோபுரத்திலிருந்து எல்லாப் போனுக்கும் ஒரே வீச்சில் போவது. வெள்ளம், புயலுக்கு அருமை. நொடிக்கணக்குக்கு வேண்டுமானால் மனிதக் கை படாமல் கருவியிலிருந்து நேரே கோபுரத்துக்குப் போக வேண்டும்.

மூணு, ஆண்ட்ராய்டு எச்சரிக்கை. இந்தியாவில் 2023 செப்டம்பரில் வந்தது. அசையாமல் கிடக்கும் போன்களுக்குள் அசைவை உணரும் முடுக்கமானியே கருவி. ஒரு பகுதியில் பல போன்கள் ஒரே சமயத்தில் அதிர்ந்தால் சர்வர் கணக்குப் போட்டுச் சுற்றியுள்ள போன்களுக்கு அனுப்பும். 4.5 அளவுக்கு மேல்தான் வரும். லேசான ஆட்டம் என்றால் சாதாரண அறிவிப்பு. பலமான ஆட்டம் என்றால் சைலன்ட்டில் இருந்தாலும் திரை முழுக்க வந்து கத்தும். அமைப்புகளில் "பாதுகாப்பும் அவசரமும்" என்ற பகுதியில் "நிலநடுக்க எச்சரிக்கைகள்" இருக்கும். சில போனில் இருப்பிடம் என்ற பகுதிக்குள். இருப்பிடமும் நெட்டும் இரண்டும் ஆனில் இருக்க வேண்டும். ராத்திரி டேட்டாவை அணைத்துவிட்டுத் தூங்குகிறவருக்கு வராது.

இலவசம், அதனால் போட்டு வைக்கலாம். நம்பிப் படுக்க முடியாது. 2023 பிப்ரவரி 6, துருக்கி, விடிகாலை 4.17, 7.8 அளவு. முதல் நடுக்கத்தின் அளவை இந்த முறை 5-க்கும் கீழே கணித்துவிட்டது. முழுத்திரை எச்சரிக்கை போனது 469 போன்களுக்கு மட்டும். அனுப்பியிருக்க வேண்டியது ஒரு கோடிப் பேருக்கு. பிறகு கணக்குமுறையைத் திருத்தினார்கள்.

பெட்டி விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளையும் சொல்லிவிடுகிறேன். எத்தனை நொடிப் பதிவை வைத்து முடிவெடுக்கிறது? முதல் மூணு நொடியில் தரை நகர்வு அரை செ.மீ. தாண்டுகிறதா, அலை ஒருதரம் ஆடி முடிக்கும் நேரம் ஒரு நொடி தாண்டுகிறதா என்று இரண்டையும் பார்ப்பது தெரிந்த முறை. "ஆட்டம் வந்தால் அடிக்கும்" என்பது மட்டுமே பதில் என்றால் அது வெறும் அதிர்வு ஸ்விட்ச். எங்கே மாட்டச் சொல்கிறார்? சுவரில் என்றால் லிஃப்ட் மோட்டாரும் போர் மோட்டாரும்தான் தினமும் பதிவாகும். தரைத்தள கான்கிரீட்டில், மோட்டாரிலிருந்து விலகி, போல்ட் போட்டு இறுக்க வேண்டும். கரண்ட் போனால் எத்தனை மணி நேரம் ஓடும்? கடந்த ஆறு மாசப் பதிவைக் காட்ட முடியுமா? இந்தக் கடைசிக் கேள்வியிலேயே பாதிப்பேர் கிளம்பிவிடுவார்கள்.

#8 சார்னகைட்

குவாரி வெடியைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளைக்கல் சுரங்கம், கருங்கல் குவாரி என்று சேலத்தைச் சுற்றி வெடி இல்லாத வாரம் இல்லை. அதை மென்பொருள் பிரிக்க வழி உண்டு. வெடி எல்லாத் திசையிலும் வெளியே தள்ளும், பி அலை ஓங்கி நிற்கும், எஸ் அலை சவலையாக இருக்கும். நிலநடுக்கம் நழுவல், எஸ் ஓங்கும். வெடி என்றால் ஆழம் கிட்டத்தட்ட பூஜ்யம், நேரம் பகல் என்பதும் துப்பு. ஆனால் எஸ் வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருந்தால் முன்னெச்சரிக்கைக்கே வேலையில்லை. சேலத்தில் வலை போட்டால் முதல் ஒரு வருஷம் சைரனை இணைக்காமல் வெடிகளைப் பழக்கப்படுத்தத்தான் சரியாக இருக்கும்.

"டமார்னு சத்தம் கேட்டுது, அதனால வெடிதான்" என்று வாட்சப்பில் அடித்துச் சொல்கிறார்களே, அதுவும் தப்பு. ஆழம் குறைந்த சின்ன நடுக்கத்தில் வேகமான அதிர்வு தரையிலிருந்து காற்றுக்கு ஏறும். வெடி மாதிரியே கேட்கும். அப்புறம், சேர்வராயன் எரிமலை கிடையாது. வருஷத்துக்கு ஒருதரமாவது இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடினப்பாறை விஷயத்தில் இரண்டு பக்கம் உண்டு. மேல்மண் கொஞ்சம், அடியில் பாறை என்றால் ஆட்டம் பெருகாது. அது நமக்கு நல்லது. ஆனால் நம்ம பாறையில் வேகமான அதிர்வு சீக்கிரம் தேயாது, ரொம்ப தூரம் போகும். அந்த வேகம் உயர்ந்த கட்டடத்தைவிட ஒன்று முதல் மூணு மாடி வீட்டைத்தான் பிடித்து உலுக்கும். ஏரியைத் தூர்த்த மனை, திருமணிமுத்தாற்றங்கரையில் மண் கொட்டி உயர்த்திய மனை என்றால் கணக்கே வேறு. 2025 மார்ச் 28, மியான்மர் நடுக்கம் ஆயிரம் கி.மீ. தள்ளி பாங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தைக் கீழே போட்டதில் அடியிலுள்ள களிமண்ணுக்குப் பங்கு உண்டு.

#9 கம்பிக்கொக்கி

மூணாவது கேள்வி என் பக்கம். ஐந்துரோடு, உங்க கட்டடத்துல சைரனைவிட அவசரமானது அந்த பார்க்கிங்தாங்க.

2001 ஜனவரி 26, குஜராத் பூஜ் நடுக்கம், 7.7. அகமதாபாத் அங்கிருந்து 200 கி.மீ.க்கு மேல தள்ளி. அங்க விழுந்த அடுக்குமாடில நிறைய, கீழ பார்க்கிங்குக்குத் திறந்துவிட்ட கட்டடங்க. மேல நாலு மாடிலயும் செங்கல் சுவர் இருக்கு, அது விறைப்பா ஒரே பெட்டியா நிக்கும். கீழ வெறும் பில்லர். ஆட்டம் முழுக்க அந்த ஒரு மட்டத்துல வந்து வளையும். பில்லர் மேல்நுனியும் கீழ்நுனியும் நொறுங்கி, மேல்கட்டு அப்படியே உக்காந்துரும்.

பில்லரைக் காப்பாத்துறது ரிங்தான், நேர்க்கம்பிகளைச் சுத்திக் கட்டுற வளையம். அதுக்கான விதி ஐஎஸ் 13920 மூன்றாம் மண்டலத்துக்கும் கட்டாயம். சைட்ல நடக்கிறது என்ன? 8 மி.மீ. ரிங், 6 அங்குல இடைவெளி, கொக்கி 90 டிகிரி. ஆட்டத்துல மேல்பூச்சு கான்கிரீட் உதிரும். உதிர்ந்ததும் 90 டிகிரி கொக்கி விரிஞ்சுக்கும். ரிங் இல்லாத மாதிரிதான். கொக்கி 135 டிகிரி மடங்கி பில்லர் வயித்துக்குள்ள போகணும். மடங்கின பிறகு நீளம் கம்பி விட்டத்தைப் போல 6 மடங்கு, குறைஞ்சது 65 மி.மீ. பில்லரோட ரெண்டு நுனிலயும் ரிங் இடைவெளி 100 மி.மீ. தாண்டக் கூடாது. பில்லர் சின்னப் பக்கத்துல நாலுல ஒரு பங்கையும் தாண்டக் கூடாது, 300 மி.மீ. பில்லர்னா 75 மி.மீ. நேர்க்கம்பி விட்டத்தைப் போல 6 மடங்கையும் பாக்கணும், 12 மி.மீ. கம்பி இருந்தா அங்கயும் 72 தான் வரும். நேர்க்கம்பிய ஒட்டுப்போடுறது தளத்துக்கு மேலேயே போடுறாங்க, சென்ட்ரிங்காரருக்கு வசதின்னு. அது பில்லரோட நடுப்பாதியில வரணும். தளத்தை ஒட்டின இடம்தான் அதிகமா வளையும், அங்கயே ஒட்டு வெச்சா என்னத்துக்கு ஆகும்?

ஏன் இதுக்கு இவ்வளவு கத்துறோம்னா கணக்கு இதுதான். 300 டன் எடையுள்ள சின்ன வீட்டுக்கு மூன்றாம் மண்டலத்துல, ரிங் எல்லாம் முறையா இருந்தா, 12 டன் பக்கவாட்டு விசைக்கு வடிவமைச்சாப் போதும்னு விதி விடுது. எடையில 4 சதவீதம். நெசமா வர்ற விசை அதைவிட ரொம்ப அதிகம். பில்லர் ஒடியாம வளைஞ்சு மிச்சத்தை உறிஞ்சும்னு நம்பித்தான் அஞ்சுல ஒரு பங்காக் குறைச்சிருக்காங்க. ரிங்கைக் கெடுத்தா, குறைச்ச கணக்கு மட்டும் மிஞ்சும், வளையிற குணம் இருக்காது.

#10 பட்டறைவாசல்

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளைப் பற்றி யாராவது சொல்லுங்களேன். சின்ன அறை, ஊதுகுழல் நெருப்பு, பக்கத்திலேயே சிலிண்டர், அலமாரியில் நைட்ரிக் ஆசிட் ஜாடி. அஞ்சு நொடி கிடைத்தால்கூட அங்கே பெரிசு இல்லையா?

#11 சிக்னல்கோபுரம்

நியாயமான கேள்விங்க. நொடி கிடைக்குமா என்று தொங்காமல், ஆட்டத்திலேயே மூடிக்கொள்ளும் வால்வுதான் அங்கே பொருத்தம். உள்ளே இரும்புக் குண்டு ஒன்று மேடையில் உட்கார்ந்திருக்கும். பலமாக ஆடினால் உருண்டு விழுந்து கேஸ் வழியை அடைக்கும். கரண்டும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். குழாய் போட்டுப் பல மேசைக்கு கேஸ் போகும் இடங்களில் மாட்டலாம். தனிச் சிலிண்டர் என்றால் நடுவயிற்றில் சங்கிலி போட்டுச் சுவரில் கொக்கி. அது சாய்ந்து டியூப் பிடுங்கிக்கொள்வதுதான் முதல் ஆபத்து. ஆசிட் ஜாடி தரைமட்டத்தில், உடைந்தாலும் முழுசும் தங்குகிற அளவு பிளாஸ்டிக் தொட்டிக்குள். ஆசிட்டும் சயனைடு கலந்த முலாம் கரைசலும் ஒரே தட்டில் இருக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் எழும் ஆவி ஆட்டத்தைவிட வேகமாகக் கொல்லும்.

#12 காவிரிக்கரை

மேட்டூர் அணை? மகாராஷ்டிராவின் கொய்னா அணை மாதிரி நீர்த்தேக்கமே நடுக்கத்தை வரவழைக்காதா?

#13 சார்னகைட்

கொய்னா 1967 டிசம்பர் 11 விடிகாலை, 6.3 அளவு. 103 மீட்டர் அணையில் 1962-ல் நீர் தேக்க ஆரம்பித்து ஐந்தே வருஷம். அணைச் சுவரின் கீழ்ப்பக்கச் சரிவு மாறும் மட்டத்தில் விரிசல் விட்டது, பிறகு பலப்படுத்தினார்கள். மேட்டூர் 1934-லிருந்து நிரம்பியும் வடிந்தும் 90 வருஷம் தாண்டிவிட்டது. பெரும்பாலான தேக்கங்களில் இந்தத் தொல்லை முதல் சில ஆண்டுகளிலேயே தலைகாட்டிவிடும். அதற்காகக் கருவி வேண்டாம் என்று அர்த்தமில்லை. 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் 30 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கு நிலநடுக்கக் கருவி வேண்டும் என்கிறது. மேட்டூர் அதில் வரும்.

எச்சரிக்கை நிஜமாகவே வேலை செய்யும் இடமும் இதுதான். அணைக்கு ஏதாவது ஆகி அதிகத் தண்ணீர் விட வேண்டி வந்தால், கீழே பவானி, ஈரோட்டுக்குக் கிடைப்பது நொடியில்லை, மணிக்கணக்கு. ஒலிபெருக்கியில் சொன்னால்கூடப் போதும்.

ஏற்காட்டிலும் அப்படி ஒன்று உண்டு. 4 அளவு நடுக்கத்திலேயே செங்குத்துச் சரிவில் உருண்டைக்கல் பெயரலாம். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு, மேலே தொங்கும் சார்னகைட் என்கிற கருங்கல் பாறைகள். ஆட்டம் தெரிந்ததும் அடிவாரச் சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்தி, சரிவைப் பார்த்தபிறகு விடுவது என்று ஒரு விதி போதும். அதற்கு முன்னெச்சரிக்கை தேவையில்லை, சாவடிக்கு ஒரு போன் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய சரிவு என்றால் இரண்டு பங்கு ஜாக்கிரதை.

#14 கம்பிக்கொக்கி

ஏற்காடுன்னதும் எஸ்டேட் பழைய லைன் வீடுகளைச் சொல்லாம விட முடியாது. ஒன்றரை அடி, ரெண்டடி கருங்கல் சுவர். பாக்க மலை மாதிரி இருக்கும். உள்ள ரெண்டு தோல், நடுவுல சல்லிக்கல்லும் மண்ணும். ஆடினா ரெண்டு தோலும் ஆளுக்கொரு பக்கம் வயிறு தள்ளிப் பிரியும். 1993 செப்டம்பர் 30 விடிகாலை 3.55, மகாராஷ்டிரா கில்லாரி. 6.2 தான் அளவு. மண்சாந்து கருங்கல் சுவர், மேல தடிமனான மண்கூரை, தூங்கிட்டிருந்த சனம். 9,000 பேருக்கு மேல செத்தாங்க. அங்கயும் அதுவரைக்கும் "நம்ம பக்கம் வராது"ன்னுதான் நெனச்சிட்டிருந்தாங்க.

புதுசாக் கல்லுல கட்டுனா: சுவரோட இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் வரைக்கும் போற முழுக்கல், உயரத்துல 600 மி.மீ.க்கு ஒண்ணு, நீளவாட்டுல 1.2 மீட்டருக்கு ஒண்ணு. லிண்டல் மட்டத்துல வீட்டைச் சுத்தி அறாத பெல்ட் கான்கிரீட், 75 மி.மீ. தடிமன், ரெண்டு கம்பி, 150 மி.மீ.க்கு ஒரு 6 மி.மீ. வளையம். ஜன்னலுக்கு மேல மட்டும் லிண்டல் போட்டு நிறுத்திக்கிட்டா அது பெல்ட் ஆகாது. மூலையில கம்பி திரும்பி அடுத்த சுவருக்குள்ள போகணும்.

பழைய வீடுன்னா: 1 மீட்டருக்கு ஒண்ணா கல்லைப் பதமாப் பிடுங்கி, ரெண்டு தோலையும் தாண்டிப் போற துளைல கொக்கி வெச்ச 8 மி.மீ. கம்பி விட்டு கான்கிரீட் ரொப்பலாம். மேலயிருந்து கீழ வராதீங்க, கீழயிருந்து மேல போங்க. ஒரே நாள்ல பக்கத்துப் பக்கத்துத் துளையத் தொறக்காதீங்க. டிரில்லை முட்டிக் குடைஞ்சா நடுச்சல்லி சரிஞ்சு அங்கயே வயிறு தள்ளிரும்.

#15 அலைக்கணக்கு

ஒரு திருத்தம் எனக்கு நானே. #4-ல் எழுதியதைப் படித்தால் முன்னெச்சரிக்கை சேலத்துக்குச் சுத்தமாக வேண்டாம் என்று படுகிறது. பள்ளிக்கூடம் அதில் விலக்கு. 50 கி.மீ. தள்ளி 6 அளவு என்றால் கட்டடம் நிற்கும், ஆனால் அலமாரியும் ஃபேனும் கூரை ஓடும் விழலாம். ஆறேழு நொடியில் பெஞ்சுக்கு அடியில் போய்விடலாம், மாசம் ஒருதரம் ஒத்திகை பார்த்திருந்தால். ஒத்திகை இல்லாத வகுப்பில் அந்த ஆறு நொடியும் "என்னடா சத்தம்" என்று கேட்பதிலேயே போகும்.

என்ன செய்வது என்பதும் வீட்டைப் பொறுத்தது. கான்கிரீட் அடுக்குமாடியில் படி இறங்கக் கூடாது. மூணாவது மாடியிலிருந்து கீழே வர அரை நிமிஷம் ஆகும். ஆட்டம் படிக்கட்டில் வந்து பிடிக்கும், வாசலில் கைப்பிடிச்சுவர் தலையில் விழும். மேசைக்கு அடியில் குனிந்து, தலையை மறைத்து, மேசைக் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கருங்கல், மண்சாந்து வீட்டில் வாசலுக்கு இரண்டு எட்டு தூரத்தில் இருந்தால் வெளியே போவதுதான் சரி, சுவரின் உயரத்தைவிட ஒன்றரை மடங்கு தள்ளி.

#16 ஐந்துரோடு

நன்றிங்க எல்லாருக்கும். பெட்டி வேண்டாம் என்று சங்கத்தில் சொல்லிவிடலாம். கம்பிக்கொக்கி அண்ணா, பார்க்கிங் பில்லரில் உள்ளே ரிங் எப்படி இருக்கிறது என்று இடிக்காமல் பார்க்க முடியுமா? சரியில்லை என்றால் என்ன செய்வது? "பார்க்கிங்கில் பாதி உயரத்துக்குச் சுவர் எழுப்பிவிடலாம்" என்று ஒருத்தர் யோசனை சொல்கிறார்.

#17 கம்பிக்கொக்கி

பாதிச்சுவர் மட்டும் வேண்டாங்க, கையெடுத்துக் கும்பிடுறேன். 10 அடி பில்லர் சுதந்திரமா வளையும். 5 அடிக்குச் சுவர் முட்டுக்கொடுத்தா வளையிறதுக்கு மிச்சம் 5 அடிதான். அது கட்டையாகி, மத்த பில்லரைவிடப் பல மடங்கு விசையை இழுத்துக்கும், குறுக்கால கத்திரி போட்ட மாதிரி வெட்டுப்படும். இருக்கிறதையும் கெடுத்த கதை.

பாக்குறதுக்கு: ரிங் இடைவெளி, கம்பி இருக்கிற இடம் ரெண்டையும் கவர் மீட்டர் வெச்சு மேலயிருந்தே தேடலாம். மூலை பில்லர் ஒண்ணு, நடு பில்லர் ஒண்ணுன்னு எடுத்துக்கோங்க, தளத்துல இருந்து ரெண்டடி உயரத்துக்கும், பீமுக்குக் கீழ ரெண்டடிக்கும். கொக்கி எத்தனை டிகிரின்னு மீட்டர் சொல்லாது. அதுக்கு ஒரே ஒரு மூலைல ஒரு சாண் அளவுக்குப் பூச்சையும் மேல் கான்கிரீட்டையும் பெயர்த்துப் பாத்துட்டு, நல்ல ரிப்பேர் கலவையில அடைச்சிருங்க. கான்கிரீட் பலத்துக்கு சுத்தியல் சோதனை மட்டும் பத்தாது, பழைய கான்கிரீட்டோட மேல்தோல் இறுகி பலத்தைக் கூட்டிக் காட்டும். ஒலியலை விட்டுப் பாக்குற அல்ட்ராசோனிக் சோதனையும் சேத்துப் பாக்கச் சொல்லுங்க.

சரியில்லன்னா ரெண்டு வழி. பில்லரைச் சுத்தி குறைஞ்சது 100 மி.மீ. கான்கிரீட் போர்வை, புதுக் கம்பி, நெருக்கமான 135 டிகிரி ரிங்கோட. புதுக்கம்பி தளத்தைத் துளைச்சு மேல பீம் சந்திப்பு வரைக்கும் போகணும். போர்வை தளத்தோட நின்னா நொறுங்குற இடம் ஒரு மாடி ஏறும், அவ்வளவுதான். இல்லன்னா அஸ்திவாரத்துல இருந்து கிளம்புற கான்கிரீட் சுவர், 150 மி.மீ.க்குக் குறையாம, ரெண்டு திசையிலயும், கட்டடத்துக்கு ரெண்டு பக்கமும் சமமா. ஒரே ஓரத்துல போட்டா கட்டடம் முறுக்கிக்கும். பதினாறு வீட்டுக்குக் கார் நிறுத்துறதுல ரெண்டு மூணு இடம் போகும். சங்கத்துல சண்டை அங்கதான் வரும், இப்பவே சொல்லிவெச்சுருங்க. வரைபடம், கையெழுத்து எல்லாம் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கிட்ட.

அது முடியிற வரைக்கும் செலவு கம்மியான வேலை மொட்டைமாடில இருக்கு. நாலு செங்கல் தூண்ல உக்காந்திருக்கிற ஆயிரம் லிட்டர் டேங்க் ஒரு டன்னுங்க. அஞ்சுல ஒரு பங்கு விசை வந்தாலே 200 கிலோ பக்கவாட்டு இழுப்பு. இரும்பு ஸ்டாண்டு போட்டுத் தளத்துல போல்ட் பண்ணி, டேங்குக்கு பெல்ட் கட்டுங்க. வாசலுக்கு நேர் மேல இருக்கிற நாலரை அங்குலக் கைப்பிடிச்சுவரைத் தட்டிப் பாருங்க. ஆடினா இறக்கிட்டு இரும்புக் கம்பி வேலி வெச்சுருங்க.

இன்னொண்ணு, மறந்துட்டேன். பார்க்கிங்ல பில்லரை ஒட்டி தண்ணிக்குழாய் இறங்குதா பாருங்க. சில கட்டடத்துல பிளம்பர் வழி கேக்காம பில்லர் அடிக்கட்டையே செதுக்கி, ரிங்கை அறுத்துக் குழாயை உள்ள புதைச்சிருப்பார். அப்படி இருந்தா மீட்டரைத் தூக்கிட்டு மொதல்ல அந்த பில்லருக்குப் போங்க.